அடுப்புக்கு மேல் ஈரம்

மேல் வீட்டுக் குளியலறையில் கண்ணாடி வைத்த அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு சொல் கிடையாது. பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று நான் நாலு பேரிடம் சொன்னதெல்லாம் பொய்.

வீடு பாகலூர் சாலையில் இருக்கிறது. மாமனார் விட்டுப்போன மனையில் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கட்டியது. கீழே நானும் என் வீட்டுக்காரரும் மகளும். மேலே என் கொழுந்தனும் அவர் மனைவியும். அவள் எனக்கு ஓரகத்தி. அப்படியே எழுதுகிறேன், பெயர் வேண்டாம். கீழும் மேலும் ஒரே அளவு, ஒரே மாதிரி அறைகள், மாடிப்படிக்காக மேலே குளியலறை மட்டும் இடம் மாறி என் சமையலறைக்கு மேல் வந்தது, இரண்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. கட்டும்போது ஒருவருக்குக் கூடவும் ஒருவருக்குக் குறையவும் இருக்கக் கூடாது என்று கொத்தனாரிடம் அடித்துச் சொன்னவள் நான்தான். ஜன்னல் கம்பியைக்கூட எண்ணிப் பார்த்தேன்.

எண்ணி என்ன பயன். நான் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்ய வேண்டும். அவள் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள், நாற்காலியில். எனக்கு வருவது ஜன்னல் ஆடும் பழைய பஸ். அவளுக்கு வருவது ஏசி பஸ். அவள் எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவாள். நான் பர்கூர்க்காரி. எனக்குத் தமிழ் மட்டும்தான், அதையும் சத்தமாகப் பேசுகிறேன் என்பார்கள் எல்லோரும்.

என் குளியலறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கதவு. கீழ்ப்பாதி உடைந்து மூன்று வருஷமாகிறது. ஓட்டையை அரிசிச் சாக்கு வைத்து அடைத்திருந்தேன். உள்ளே ஒரு பக்கெட், காது உடைந்த மக்கு, துவைக்கிற கல். கதவை மாற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். அவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி அந்தப் "பாக்கலாம்"தான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை சரக்கு ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. கம்பளி சுற்றிய பெரிய பெரிய கண்ணாடிகள். இரண்டு ஆட்கள் அவற்றைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி மாடிக்கு ஏற்றினார்கள்.

"என்னாடி இது, கடை வைக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பாத்ரூம் மூலையில குளிக்கிற எடத்த மட்டும் தனியா தடுக்கறோம். குளிச்சா பாத்ரூம் பூரா ஈரமாவுது இல்ல, அதுக்குத்தான்" என்றாள்.

பாத்ரூம் ஈரமாகிறது என்று ஒரு குறை. எனக்குக் கேட்டதுமே பற்றிக்கொண்டது. ஆனாலும் மேலே போய்ப் பார்த்தேன். பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

மூலையில் இரண்டு பக்கம் சுவர், மற்ற இரண்டு பக்கமும் கண்ணாடி வரப்போகிறது. ஒரு கண்ணாடி கதவு மாதிரி திறக்கும். தண்ணீர் வெளியே வராமலிருக்கத் தரையில் நாலு விரல் உயரத்துக்குக் கறுப்புக் கிரானைட் கட்டை பதித்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என் அப்பா குவாரியில் கல் அறுத்து, கல்தூசு நெஞ்சில் ஏறி, இருமி இருமியே போனவர். அந்தக் கல் ஒரு துண்டுகூட என் வீட்டில் இல்லை. என் அடுப்பு மேடை கடப்பாக் கல். இவள் குளிக்கிற இடத்துக்கு வரப்பு கட்ட அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஆட்கள் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சுவரில் ஓட்டை போட்டு, அலுமினியச் சட்டத்தைத் திருகினார்கள். கிரானைட்டில் ஓட்டை போட்டால் விரிசல் விடும் என்று கட்டையை ஒட்டி உள்பக்கத் தரையில் நாலு ஓட்டை போட்டார்கள். பிறகு கண்ணாடியை நிறுத்தி, சந்துகளில் எல்லாம் சிலிக்கான் பசையை உள்ளேயும் வெளியேயும் அப்பினார்கள். ஓரகத்தி அவர்களோடு கன்னடத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

போகும்போது அந்த இரண்டு ஆட்களில் பெரியவர் கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னார்.

"என்னா சொல்றாரு?"

"நாளைக்கு வரைக்கும் தண்ணி படக் கூடாதாம் அக்கா. பசை காயணுமாம்."

என் கொழுந்தன் வேலை முடிந்து வந்து அன்றைக்கு மாலையே உள்ளே போய் நின்று குளித்தார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு கீழே வந்து, "அண்ணி, மழையில நிக்கிற மாதிரி இருக்குது" என்றார். என் மகளும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சித்தி பாத்ரூம் ஓட்டல் மாதிரி இருக்கும்மா. நம்ம வீட்டுல எப்ப வைக்கறது?" என்று கேட்டாள். "உங்கப்பனக் கேளு" என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே "பாக்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் ஒருநாள், சிலிண்டர் வரும் என்று ஓரகத்தி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். எனக்குக் காலை ஷிப்டு. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சிலிண்டர் வந்தது, மேலே வைக்கச் சொன்னேன், ஆள் போய்விட்டான். நான் போகவில்லை. அவள் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தேன். பிறகு கீழே போய் என் துண்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கண்ணாடிக்குள் நின்று குழாயைத் திருப்பினேன். வெந்நீர் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் குனிந்து மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும், முதுகுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். இங்கே நான் சும்மா நின்றேன். எட்டு மணி நேரம் நின்ற கால்தான், ஆனால் இந்த நிற்பது வேறு. முழங்கால் வலி தண்ணீரோடு இறங்கிப் போனது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அழுகை வந்தது. அதற்குக் காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் விட்டிருப்பேன். 'பீத்தலுக்கு வச்சிருக்கா' என்று சொல்லி ஆறியிருப்பேன். அது நன்றாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் தினமும் காலை ஏழு மணிக்கு இதற்குள் நிற்கிறாள் என்று நினைக்க நினைக்க எரிந்தது. துவட்டிக்கொண்டு, தரையில் கிடந்த என் முடியைப் பொறுக்கிக்கொண்டு, சாவியைப் பூட்டில் திருகிவிட்டு இறங்கி வந்தேன்.

நாலைந்து நாள் கழித்து என் அடுப்புக்கு நேர் மேலே கூரையில் ஈரம் தெரிந்தது. முதலில் தோசை அளவுக்கு இருந்தது. அடுத்த நாள் முறம் அளவுக்கு ஆனது. மூன்றாம் நாள் ரசம் கொதிக்கும்போது பாத்திரத்துக்குள்ளேயே ஒரு சொட்டு விழுந்தது.

எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ரசத்தைக் கீழே கொட்டவில்லை. அப்படியே பாத்திரத்தோடு வாசலுக்குக் கொண்டுபோய் ஓரகத்தி வரும் வரைக்கும் காத்திருந்தேன்.

"இந்தா, நீ குளிச்ச தண்ணி. என் ரசத்துல ஊத்தற."

அவள் முகம் விழுந்துபோனது. "ஐயோ, அக்கா, மன்னிச்சிருங்க" என்றாள். கூரையைப் போய்ப் பார்த்தாள். கொழுந்தன் வந்தார், பார்த்தார், அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார். என் வீட்டுக்காரர் "பரவால்லடா, பாக்கலாம்" என்றார். அவரை அப்படியே கூரையில் தொங்கவிட்டிருப்பேன்.

வீடு கட்டும்போது குழாய் போட்ட பிளம்பரையே கூப்பிட்டார்கள். வயதானவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மேலே போய்க் கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்தார். நானும் கூடவே நின்றேன்.

"உள்ளயும் வெளியவும் பசைய அப்பிட்டானுங்கம்மா" என்றார் என்னிடம். "உள்பக்கம் அப்பக் கூடாது. எப்படியும் சட்டத்துக்குள்ள கொஞ்சம் தண்ணி போவும். அது திரும்ப உள்ள வர வழி இருக்கணும். வழிய அடைச்சிட்டா எங்க போவும்? நின்னு நின்னு இந்தத் திருகாணி ஓட்டைல எறங்குது. அதுவும் பசை காயறதுக்கு முன்ன யாரோ குளிச்சிருக்காங்க."

"அதெல்லாம் குளிச்சாச்சு" என்றேன். கொழுந்தன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அப்ப இந்தக் கண்ணாடிய எடுத்துடணுமா?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் மாடி ஏறி வந்திருந்தேன்.

"எதுக்கு எடுக்கணும்? அரை நாள் வேல."

அரை நாள்தான் ஆனது. உள்பக்கத்துப் பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். திருகாணிகளைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, மறுபடி திருகினார். வெளிப்பக்கம் மட்டும் புதிதாகப் பசை போட்டு, "ரெண்டு நாளு யாரும் கிட்ட வரக் கூடாது" என்று கொழுந்தனைப் பார்த்துச் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் அவர்கள் என் குளியலறைக்குத்தான் குளிக்க வந்தார்கள். நான் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்பே ஓரகத்தி விடியற்காலையில் துண்டும் சோப்புப் பெட்டியுமாக என் சமையலறை வாசலில் நிற்பாள். "இரு, துணி ஊறுது" என்று சும்மாவே நிற்க வைப்பேன். காது உடைந்த மக்கை எடுத்துக் கையில் கொடுப்பேன். கதவை மூடினால் சாக்கு விழுந்துவிடும். உள்ளேயிருந்து அவள் அதைச் செருகுகிற சத்தம் கேட்கும். எனக்கு அந்த இரண்டு நாளும் வேலைக்குப் போக அவ்வளவு தெம்பு.

பிறகு அவர்கள் மேலேயே குளிக்க ஆரம்பித்தார்கள். என் கூரை காய்ந்தது. ஒரு வாரத்தில் முறம் தோசையானது, தோசை ஒரு வெறும் மஞ்சள் கோடானது. தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு கையில் ஒட்டியது, ஈரம் இல்லை.

அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு ஒட்டடைக் கொம்பில் ஒரு துணியைச் சுற்றி, தண்ணீரில் முக்கி, அந்த இடத்தில் ஒற்றி எடுத்தேன்.

இதை நான் யோசித்துத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான். கை தானாகச் செய்தது என்றெல்லாம் கதை சொல்ல மாட்டேன். ஆறரை மணிக்கு ஓரகத்தி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். "இன்னும் ஒழுவுது, வந்து பாரு" என்றேன். வந்து பார்த்தாள். கூரை நனைந்திருந்தது.

மறுநாளும் ஒற்றினேன். அதற்கு அடுத்த நாளும். வேலையிலிருந்து வந்து, காபி போட்டுக் குடித்துவிட்டு, கொம்பை எடுப்பேன். வாசலில் கோலம் போடுகிறவள் மாதிரி நேரம் தவறாமல் செய்தேன். மகள் டியூஷன் போயிருப்பாள், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பிளம்பர் இரண்டாவது தடவை வந்து, குழாய் இணைப்பில் கசிகிறதோ என்று சுவரில் இரண்டு டைல்ஸை உடைத்தார். உள்ளே எல்லாம் காய்ந்து கிடந்தது. ஓரகத்தி பார்த்துப் பார்த்து வாங்கிய டைல்ஸ், அதே நிறம் மறுபடி கிடைக்கவில்லை. வேறு நிறத்தில் இரண்டு வைத்தார்கள், பல்வரிசையில் பொய்ப்பல் மாதிரி. அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான். அவள் மறுபடி சோப்புப் பெட்டியோடு என் வாசலில் நின்றபோது அதுவும் போய்விட்டது.

மூன்றாவது தடவை வந்த பிளம்பருக்கே சலித்துவிட்டது. "எனக்கு வயசாயிருச்சு, ஆனா புத்தி கெடல. மேல ஒண்ணும் கசியல" என்றார்.

"அப்ப என் கூரையில வர்றது என்னா, பன்னீரா?" என்றேன்.

கொழுந்தன் இடையில் வந்தார். "அண்ணி, இதுக்கு மேல வேணாம். கண்ணாடியக் கழட்டி, கட்டையும் பேத்துடலாம். பழையபடியே இருக்கட்டும். ஒரு கண்ணாடிக்காக அண்ணன் வீட்டுல சண்ட வேணாம்." அதைச் சொல்லும்போது ஓரகத்தி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். கண் கலங்கியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிளம்பர்தான் விடவில்லை. "கழட்டறதுக்கு முன்ன ஒண்ணு பாத்துடலாம். நாளைக்குக் காலையில உள்ள தண்ணி போற வழிய அடைச்சு, கட்ட அளவுக்குத் தண்ணி நிறுத்துங்க. அதுல சொட்டு நீலத்த ஊத்துங்க. பகல் பூரா நிக்கட்டும். சாயங்காலம் நான் வர்றேன். கீழ நீலமா எறங்குச்சுன்னா நானே கழட்டிக் குடுக்கறேன். எறங்கலன்னா யாரும் பேசக் கூடாது."

எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன். மனதுக்குள் சிரித்தேன்.

மறுநாள் விடியற்காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஓரகத்தி இறங்கி வந்தாள்.

"அக்கா, சொட்டு நீலம் இருக்குதா? நாங்க வெள்ளத் துணி போடறதில்ல, வாங்கி வைக்கல."

என்னிடம் இருந்தது. மகளின் பள்ளிச் சட்டை வெள்ளை. புது பாட்டில் ஒன்று அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சின்ன பாட்டில், அதைக்கூட அவளுக்குக் கொடுக்க முடியவில்லை. தீர்ந்துபோய்க் குப்பைக்குப் போட வைத்திருந்த பழைய பாட்டிலை எடுத்து நீட்டினேன். "அடியில இருக்கும், தட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

மூன்று மணிக்கு வந்தேன். கூரை காய்ந்திருந்தது. காபி போட்டுக் குடித்தேன். புது பாட்டிலைத் திறந்து, கிண்ணத்துத் தண்ணீரில் நாலு சொட்டு விட்டு, துணியை முக்கி, கூரையில் ஒற்றினேன். நல்ல நீலம். அடுப்பில் இரண்டு சொட்டு விழட்டும் என்று விட்டேன். கொம்பைக் கழுவிப் பின்பக்கம் வைத்தேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் போகவில்லை.

பிளம்பரும் கொழுந்தனும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள். பின்னாலேயே என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். மாடிப்படியில் கால் வைத்த கொழுந்தனை மறித்தேன்.

"மேல அப்பறம் போவலாம். மொதல்ல என் அடுப்ப வந்து பாருங்க எல்லாரும்."

வந்து நிமிர்ந்து பார்த்தார்கள். பிளம்பர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், மனிதர் ஒரு நொடியில் பத்து வயது கூடியவர்போல ஆகிவிட்டார். "எப்படிம்மா எறங்குச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கே கழட்டிடலாம்" என்றார் கொழுந்தன்.

அப்போது ஓரகத்தி உள்ளே வந்தாள். தோளில் பையோடு நின்றபடியே கூரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"நல்லா நீலமா இருக்குதுக்கா" என்றாள். அவ்வளவுதான்.

பிளம்பர் மேலே போகக் கிளம்பினார். "நீங்க உக்காருங்கண்ணா. நான் போயி தண்ணியத் தொறந்து விட்டுட்டு வர்றேன்" என்று அவள் வேகமாகப் படியேறினாள். நான் பின்னாலேயே போனேன். அவள் அழுவாள், பார்க்கலாம் என்று போனேன்.

குளியலறையில் அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கறுப்புக் கட்டை அளவுக்குத் தண்ணீர் நின்றிருந்தது. தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

கீழே என் கூரையில் இருந்தது நீலம்.

"நீங்க குடுத்த பாட்டில்ல ஒரு சொட்டுகூட இல்லக்கா. கடையும் தொறக்கல, அவரும் கெளம்பிப் போயிட்டாரு, பஸ்ஸுக்கு நேரமாச்சு. வீட்ல கேசரிப் பவுடர் இருந்துச்சு, அதப் போட்டேன். கலர் தெரிஞ்சாப் போதுமேன்னு."

அவள் குரல் ஏறவில்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். கீழேயிருந்து என் வீட்டுக்காரர் பிளம்பரிடம் ஏதோ சொல்வது கேட்டது. அவர்களில் யாராவது ஒருவர் பத்துப் படி ஏறி வந்தால் போதும். இந்த வீட்டில் நான் அதற்குப் பிறகு யார் முகத்தில் விழிப்பது.

"கூப்பிட்டுக் காட்டு" என்றேன். "எல்லாரையும் கூப்பிடு. எதுக்கு நிக்கற?"

அவள் குனிந்து, அடைத்திருந்த துணியை உருவினாள். ஆரஞ்சுத் தண்ணீர் சுழன்று இறங்கியது. முழுவதும் போகும் வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு குழாயைத் திறந்து, கட்டை ஓரத்தில் நின்ற நிறத்தைக் கையால் தேய்த்துக் கழுவினாள். அப்புறம் பின்னால் மாட்டியிருந்த ரப்பர் வைப்பரை எடுத்துக் கண்ணாடியை மேலிருந்து கீழே இழுத்து இழுத்துத் துடைத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு சிலிண்டர் வந்த நாளு நீங்க இங்க குளிச்சீங்க."

நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

"முடியெல்லாம் பொறுக்கிட்டீங்க. ஆனா வைப்பர் போடல. போர் தண்ணி, துடைக்கலன்னா அப்படியே வெள்ளையா உப்பு படிஞ்சிடும். சாயங்காலம் வந்தா கண்ணாடி பூரா புள்ளி புள்ளியா இருக்குது. நான் கேக்கல. குளிக்கணும்னு ஆசையா இருந்திருக்கும்னு விட்டுட்டேன்."

"எனக்கு ஒண்ணும் ஆசையில்ல."

"சரிக்கா." வைப்பரை மாட்டினாள். "நாளைக்கு மறுபடியும் தண்ணி நிறுத்தப் போறேன். இந்தத் தடவ நல்ல நீலமா குடுங்க. சாயங்காலம் பிளம்பர் அண்ணன் வரும்போது நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

கீழே போய் ஆண்களிடம், "காலையில அவசரத்துல ஊத்துனேன், கொஞ்சம் வழிஞ்சிடுச்சு. அது வேற எங்கியோ போயி எறங்கியிருக்கும். இன்னொரு நாள் ஒழுங்காப் பாத்துடலாம்" என்றாள். நம்புகிற மாதிரியே சொன்னாள். பிளம்பர் மட்டும் என் கூரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. தெருவில் பார்த்தால், "என்னம்மா, கூர எப்படி இருக்குது?" என்று கேட்பார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மறுநாள் காலை அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சாயங்காலம் எல்லோரும் என் சமையலறையில் நின்றார்கள். முந்தின நாள் நீலம் காய்ந்து, கூரையில் பூஞ்சை மாதிரி படிந்திருந்தது. ஸ்டூலில் ஏறி அதைத் தொட்டேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஓரகத்தி மட்டும் தரையைப் பார்த்தாள்.

"காஞ்சிருக்குது" என்றேன்.

"சரியாப் பாத்துச் சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் எதையும் சரியாகப் பார்க்காத மனிதர்.

"காஞ்சிருக்குதுன்னு சொல்றேன் இல்ல. இதுக்கு மேல என்னா, எழுதிக் குடுக்கணுமா?"

கொழுந்தன் சிரித்துவிட்டார். பிளம்பர் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கண்ணாடி அதே இடத்தில் நின்றது.

அவள் காட்டிக் கொடுத்திருக்கலாம். நாலு பேர் முன்னால் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், தெருவையே கூட்டியிருப்பேன். அவள் செய்யவில்லை. அவளிடம் நல்ல வேலை இருக்கிறது, மூன்று பாஷை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. இதுவும் அவளிடம்தான் இருக்க வேண்டுமா? அதை நினைத்தால் கண்ணாடியைப் பார்த்து எரிந்ததைவிட அதிகமாக எரிகிறது.

ஒரு மாதம் கழித்து, நான் ஷிப்டு முடிந்து வரும் நேரத்தில், விடுப்பில் இருந்த ஓரகத்தி மாடிப்படியில் நின்றாள். "கீஸர் போட்டு வச்சிருக்கேன்க்கா. துண்டு எடுத்துக்கினு வாங்க. குளிச்சிட்டு வைப்பர் மட்டும் போட்டுடுங்க."

"எனக்கு என் பக்கெட் இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். சாக்கைச் செருகிக்கொண்டு குளித்தேன். அன்றைக்கு முழங்கால் ரொம்ப வலித்தது.

கூரையில் நீலத்தின் மேல் வீட்டுக்காரர் இரண்டு தடவை வெள்ளை அடித்துவிட்டார். அடித்த அன்றைக்குத் தெரியாது, காய்ந்தால் உள்ளிருந்து மங்கலாக எட்டிப் பார்க்கும். "இது எப்படித்தான் வருதோ" என்கிறார்.

விடுமுறை நாட்களில் காலை ஏழு மணிக்கு மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். நான் அடுப்படியில் இருப்பேன். சத்தம் நிற்கும் வரைக்கும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சின்ன ஈரம், விரல் நுனி அளவுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பேன். இல்லை. கூரை காய்ந்தே இருக்கிறது.